ஜெயித்தால் பூஜ்யம்

தேவப்பிரியம் கதவைத் தள்ளித் திறந்து, விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... மொஹ்சின் பாய் முழிச்சிகினு கீறாரா?"

"கீறேன்," என்றான் மொஹ்சின், கண்ணைத் திறக்காமல்.

"அப்ப ஆறு." நோட்டில் எழுதிக்கொண்டான். "மாமா, போன வாரம் ஏழு. இந்த வாரம் ஆறு. ஃபாதர் பத்து கேட்டுக் கீறாரு. எனக்கு இன்னா, எண்ணிட்டுப் போறேன்."

தேவப்பிரியம் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, கதவு பூட்டுவது, மெழுகைச் சுரண்டுவது எல்லாம் அவன் வேலை. ஒரு மாதமாகத் தலை எண்ணுவதும் சேர்ந்துகொண்டது. பங்கு மண்டபத்தின் பின்னறையில் கேரம் மன்றத்துக்காரர்கள் ஞாயிறு சாயங்காலம் போர்டை மூலையில் சாய்த்துவிட்டு டிவியில் கார் ரேஸ் பார்ப்பார்கள். அந்த அறை தங்களுக்கு வேண்டும் என்று பாடகர் குழு மனுக் கொடுத்திருந்தது. பங்குத்தந்தை ஆண்ட்ரூ இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மாதம் பார்ப்பேன். ஞாயிறுக்குப் பத்துப் பேர் தேறினால் அறை மன்றத்துக்கு. தேறாவிட்டால் பாட்டுக்கு.

மாமா என்று அழைக்கப்பட்டவன் இக்னேஷியஸ். மன்றத்தின் செயலாளர். பாடகர் குழுவின் தலைவி ஐரீன். இக்னேஷியஸின் மனைவி.

இக்னேஷியஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பான். வாக்கி டாக்கியில் வரும் பேச்சு மூன்றே வார்த்தை. "மேல." "கீழ." "நிறுத்து." வீட்டுக்கு வந்தால் ஐரீன் பாடிக்கொண்டிருப்பாள். ஒரு முழு வாக்கியத்தைத் தொடங்கி முடிக்க அவனுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் பின்னறை. அது போனால் அவனிடம் சண்டை போட ஊரில் ஆளே கிடையாது.

டிவியில் ஆரஞ்சு வண்டி முதலில் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதும் ஆரஞ்சு வண்டி. இது தொடர்ந்து ஏழாவது ரேஸ்.

"ரேஸா இது?" என்றான் மொஹ்சின். அவன் டிரெய்லர் ஓட்டுபவன். "எண்ணூர் ரோட்ல டிரெய்லரு லைன் கட்டி நிக்குமே, அது மாதிரி கீது. முன்னாடி கீறவன் முன்னாடியே. பின்னாடி கீறவன் பின்னாடியே. அங்கயாச்சும் நடுவுல ஒர்த்தன் பூருவான்."

"நல்ல வண்டி செய்யறான், ஜெயிக்கறான். உனுக்கு இன்னா எரியுது?" என்றான் சாவியோ. ரயில்வேயில் கிளார்க். ஆரஞ்சு சட்டை போட்டிருந்தான். போன வருடம் வேறு வண்டி ஜெயித்தபோது அவனிடம் வேறு சட்டை இருந்தது.

"எரியாம? எல்லாருமே ஆரஞ்சுன்னா நான் யார்கூட சண்ட போடுவேன்? நானே எனுக்கு ரெண்டு அறை உட்டுக்கவா?"

அங்கேதான் கோளாறு என்று இக்னேஷியஸுக்குப் புரிந்தது. மன்றத்தில் மொத்தம் பதினோரு பேர். எட்டுப் பேர் ஆரஞ்சு. ஜெயிக்கிறவனின் ரசிகர்களுக்குப் பேச ஒன்றுமில்லை. தோற்கிறவனின் ரசிகர்களுக்குப் பேச வாயில்லை. பேச்சில்லாத இடத்துக்கு எவன் வருவான்?

அன்றைக்கு வீட்டில் சோறு போட்டுக்கொண்டே ஐரீன் சிரித்தாள்.

"ஆறாமே? பத்து பேர ஒரு ரூம்ல குந்த வெக்க முடியல. நீ இன்னாய்யா செக்ரட்டரி?"

"ஒரே வண்டி ஜெயிச்சுகினே கீது ஐரீன். பாக்கறவனுக்குப் பேஜாரா கீது."

"ஜெயிக்கறவன் இன்னா பண்ணுவான்? தோக்கறவன் நல்லா ஓட்டட்டும்."

"எல்லாருக்கும் சான்ஸு வோணாமா?"

"சான்ஸு!" கரண்டியைச் சட்டியில் தட்டினாள். "வாரத்துல மூணு நாளு பிராக்டிஸ் பண்றேன். முட்டி வரிக்கும் தண்ணி நின்னப்பகூட பாடினோம். மத்த பங்குக் கோஷ்டிங்க மைக்கைப் பாத்தா நடுங்குதுன்னா, அதுக்காவ நான் தொண்டையில துணி வெச்சிகினு பாடணுமா?"

டிவிக்கு மேலே, பங்குகளுக்கு நடுவே நடக்கும் பாட்டுப் போட்டியில் அவள் குழு வாங்கிய ஒன்பது கப் வரிசையாக இருந்தது. இக்னேஷியஸ் மீன் முள்ளை எடுப்பதில் கவனமானான்.

அடுத்த ஞாயிறு நெத்திலி வறுவல் உண்டு என்று வாட்ஸ்அப்பில் போட்டதும் பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். தட்டு காலியாவதற்குள் இக்னேஷியஸ் கதவைச் சாத்தினான்.

"பதினோரு டீம் கீது. நாமளும் பதினோரு பேரு. சீட்டுக் குலுக்கறேன். எந்த டீம் வருதோ, சீசன் முடியற வரிக்கும் அதான் உன் டீம். மாத்தக் கூடாது. வெளிய போனாலும் உள்ள வந்தாலும் அதான்."

"இது இன்னா அக்கிரமம் நைனா?" என்றான் சாவியோ.

"நெத்திலி துன்ன இல்ல? கைய உடு டப்பாக்குள்ள."

சீட்டு விழுந்தது. ஆரஞ்சை வாயால் சொல்லவே கூசும் மொஹ்சினுக்கு ஆரஞ்சு வந்தது. சாவியோவுக்கு வெள்ளை. எப்போதும் கடைசியில் வரும் பச்சை வண்டி மண்ணாங்கட்டிக்கு வந்தது. மண்ணாங்கட்டி காசிமேட்டில் ஐஸ் உடைப்பவன். நெட்டுக்குப்பத்துக்காரன். இரண்டு பஸ் மாறி வருவான். அதிகம் பேசமாட்டான்.

ரேஸ் ஒன்றரை மணி நேரம் ஓடியது. பச்சை வண்டியை டிவியில் இரண்டு தடவை காட்டினார்கள். ஒருமுறை கிளம்பும்போது. இன்னொருமுறை ஆரஞ்சு வண்டிக்கு ஓரமாக வழிவிடும்போது.

முடிந்ததும் மண்ணாங்கட்டி எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டினான்.

"அடுத்த வாட்டி நான் வர்ல."

"ஏன் மண்ணாங்கட்டி?"

"ரெண்டு பஸ் மாறி வரேன். ரெண்டு வாட்டிதான் காட்றான். வண்டி கீதா, வித்துட்டானான்னே தெர்ல. இதுக்கு நான் ஐஸ் கம்பெனியிலயே குந்திகினு கீலாம், அது உருகறதாவது கண்ணுக்குத் தெரியும்."

அவனைப் பார்த்து, பின்னால் வந்த மற்ற ஐந்து டீம்காரர்களும் எழுந்தார்கள். அடுத்த வாரம் தேவப்பிரியம் எண்ணியபோது ஐந்து.

"மாமா, இப்டியே போனா அடுத்த வாரம் என்னையும் சேத்து எண்ணணும்," என்றான்.

இக்னேஷியஸ் இரண்டு நாள் கிரேன் மேல் உட்கார்ந்து யோசித்தான். மூன்றாம் நாள் ஒரு கண்டெய்னரைக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. கீழேயிருந்து "எறக்குய்யா" என்று கத்தியது அவன் காதில் விழவில்லை.

பதில் கேரம் போர்டிலேயே இருந்தது. ராயபுரத்தில் பெரிய ஆட்டக்காரன் எவனும் சின்ன ஆட்டக்காரனோடு சும்மா உட்காரமாட்டான். "பத்துப் பாயின்ட் உனுக்கு முன்கூட்டியே, ஆடு" என்பான். அப்போதுதான் இருபத்தைந்து எடுக்க அவனுக்கும் வியர்க்கும். சுற்றி நிற்கிறவனுக்கும் நிற்கக் காரணம் இருக்கும். கேரமுக்குச் சரி என்றால் காருக்கு என்ன?

சார்ட் பேப்பர் வாங்கினான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். போன ரேஸில் கடைசியாக வந்த டீமுக்கு இந்த ரேஸில் முப்பது பாயின்ட் இனாம். அதற்கு முன்னால் வந்ததற்கு இருபத்தேழு. இப்படி மூன்று மூன்றாகக் குறைந்து, முதலில் வந்த டீமுக்குப் பூஜ்யம். ஒரு டீமுக்கு இரண்டு வண்டி என்பதால் முன்னால் வருகிற வண்டிதான் கணக்கு. அது ரேஸில் எடுக்கிற பாயின்ட்டை இனாமின் மேல் கூட்டிக்கொள்ள வேண்டியது. சீசன் முடிவில் எவனுக்கு அதிகமோ அவன் மன்றத்தின் சாம்பியன்.

மண்ணாங்கட்டிக்குத் தகவல் போனது. அவன் இரண்டு பஸ் மாறி வந்தான்.

அன்றைக்கும் ஆரஞ்சு முதலில் வந்தது. இருபத்தைந்து பாயின்ட். பச்சை வழக்கம்போலக் கடைசி. இக்னேஷியஸ் மார்க்கரை எடுத்துச் சார்ட்டில் எழுதினான். பச்சை முப்பது. ஆரஞ்சு இருபத்தைந்து.

மொஹ்சின் எழுந்து சார்ட்டுக்குப் பக்கத்தில் போனான்.

"இரு மாமு," என்றான் மொஹ்சின். "என் வண்டி மொதல்ல வந்துது."

"ஆமா."

"அவன் வண்டி கடைசில வந்துது."

"ஆமா."

"அவன் ஜெயிச்சுட்டான்."

"கணக்கு அப்டிதான் வருது பாய்."

"கணக்க இட்டுகினு போய் கடல்ல போடு! புடிக்காத வண்டியக் குடுத்த, சரின்னு குந்தினேன். ஒன்ற மணி நேரம் பல்லக் கடிச்சிகினு அதுக்குக் கை தட்னேன். இப்ப ஜெயிச்சும் தோத்துட்டேன்னு சொல்றியா?"

"பாய், வண்டி ஜெயிச்சுது. நீ தோத்த. ரெண்டும் வேற வேற," என்றான் மண்ணாங்கட்டி. அவன் அந்த அறையில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. சாவியோ நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் ஒவ்வொரு குத்து வாங்கினான். இக்னேஷியஸ் தொண்டை கிழியக் கத்தினான். பத்து வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவன் கத்தியதில்லை.

அடுத்த வாரம் பதினொன்று. அதற்கடுத்த வாரம், சண்டையைப் பார்க்க வந்தவர்களோடு சேர்த்து, பத்தொன்பது.

"மாமா, நோட்டுல பக்கம் பத்தல," என்றான் தேவப்பிரியம்.

கெட்டது அங்கே ஆரம்பித்தது. மன்றத்துக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. நான்கு நாளில் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ரேஸில் நன்றாக ஓடினால் அடுத்த வார இனாம் குறையும். மட்டமாக ஓடினால் கூடும். எட்டாவது வந்தால் கிடைப்பது நாலு பாயின்ட். அதனால் போவது ஒன்பது. எவன் எட்டாவது வருவான்?

ஆகவே எல்லோரும் தங்கள் வண்டி தோற்க வேண்டும் என்று வேண்ட ஆரம்பித்தார்கள். கோயில் பக்கத்திலேயே இருந்ததால் வசதி.

மழை பெய்த ஒரு ரேஸில் முன்னால் போனவர்கள் வழுக்கியதால் பச்சை வண்டி ஏழாவதாக வந்தது. அந்த டீமின் மெக்கானிக்குகள் டிவியில் கட்டிப்பிடித்து அழுதார்கள். இங்கே மண்ணாங்கட்டியும் அழுதான்.

"பாழாப்போனவனே! ஒரு வருசமா ஒழுங்கா கடைசில வந்துகினு இருந்தியே, இன்னிக்கி உனுக்கு இன்னா கேடு?"

"சூப்பரா ஓட்றான்டா உன் ஆளு," என்று மொஹ்சின் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். அவனுடைய ஆரஞ்சு அன்றைக்கு ஒன்பதாவது. ஆனந்தத்தில் எல்லோருக்கும் டீ சொன்னான்.

அடுத்த ஞாயிறு பங்குத்தந்தை ஆண்ட்ரூ பக்கத்து மண்டபத்தில் வேறு பங்குகளிலிருந்து வந்த நான்கு குருக்களோடு கூட்டம் போட்டிருந்தார். இங்கே சாவியோவின் வெள்ளை வண்டிகளில் ஒன்று எஞ்சின் புகைந்து நின்றுவிட்டது. இன்னொன்றும் போய்விட்டால் அடுத்த வாரம் சாவியோவுக்கு முப்பது. அது ஐந்தாவதாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சாவியோ நாற்காலி மேல் ஏறி நின்று ஜெபம் செய்தான்.

நாற்பத்தோராவது சுற்றில் வெள்ளை வண்டி சுவரில் போய் முட்டியது. சக்கரம் ஒன்று தனியாக உருண்டது.

அறை அதிர்ந்தது. சாவியோ சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஆடினான். யாரோ தகர டின்னைத் தட்டினார்கள். கதவு திறந்தது தெரியவில்லை. ஃபாதர் உள்ளே நின்றதும் தெரியவில்லை. டின் தட்டியவன் திரும்பிப் பார்த்து நிறுத்திய பிறகுதான் சாவியோவின் கால் நின்றது.

ஃபாதர் டிவியைப் பார்த்தார். நொறுங்கிய வண்டியை மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மனுஷன் உயிரோட இருக்கானா?"

யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஓட்டுநர் எழுந்து நடந்து போனான். எல்லோரும் சிலுவைக் குறி போட்டார்கள். மொஹ்சினும் அவசரத்தில் பாதி போட்டுவிட்டான்.

"ஒரு மனுஷன் சுவத்துல மோதினதுக்கு ஆடுறீங்களா?"

"அவன் என் ஆளு ஃபாதர்," என்றான் சாவியோ, சட்டையைத் தேடிக்கொண்டே.

"எதிரி இல்லையா?"

"ஐயோ, இல்ல ஃபாதர். சத்தியமா என் ஆளுதான். அதனாலதான் சந்தோஷம்."

ஃபாதர் சாவியோவை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். சார்ட்டை மேலிருந்து கீழ் வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது யார் வேலை?"

பத்து விரல் இக்னேஷியஸை நோக்கி நீண்டது. அப்படியொரு ஒற்றுமை அந்த மன்றத்தில் அதுவரை இருந்ததில்லை.

"இதைக் கழட்டி எடுத்துக்கிட்டு நாளைக்கு சாயங்காலம் என் ஆபீசுக்கு வாங்க."

"அவ்ளோதான் மாமு," என்றான் மொஹ்சின், அவர் போனபிறகு. "நம்ம கத முடிஞ்சுது."

"ஏழைங்களுக்கு ஒதவி செய்யற திட்டம்னு சொல்லு," என்று யோசனை சொன்னான் சாவியோ. "ஃபாதருங்களுக்கு அது புடிக்கும்."

இக்னேஷியஸ் திங்கட்கிழமை சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனான். கூடவே இரவெல்லாம் யோசித்து எழுதிய இரண்டு பக்க விளக்கம். அதில் ஏழைகள் ஏழு இடத்தில் வந்தார்கள்.

ஃபாதர் விளக்கத்தைப் படிக்கவில்லை. சார்ட்டை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு ஜெபப்புத்தகம் வைத்தார்.

"இதுக்கு முன்னாடி ஆறு பேர். இது வந்ததும் பத்தொன்பது பேர். சரியா?"

"சரி ஃபாதர்."

"வேணும்னே தோத்தா என்ன பண்றது? நேத்து பார்த்தேனே."

அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாத இக்னேஷியஸ் எல்லாப் பக்கமும் குனிந்தான். "அத நிறுத்திடலாம் ஃபாதர். தோக்கறவனுக்கு இனாம் வோணாம். ஜெயிக்கறவன மட்டும் கீழ தள்ளிடலாம். ஒவ்வொரு ஜெயிப்புக்கும் அஞ்சு பாயின்ட் மைனஸ். எத்தினி வாட்டி ஜெயிச்சானோ அத்தினி அஞ்சு."

"அவ்வளவு கடுமையாவா? அவங்க கோவப்பட மாட்டாங்களா?"

"கோவப்பட்டா இன்னா ஃபாதர்? ஜெயிச்சு ஜெயிச்சுத் திமிர் ஏறினவங்க. மத்தவன் வந்து எட்டிப் பாக்கக்கூட பயப்படறான். நாலு வாட்டி தோத்தாத்தான் புத்தி வரும்."

ஃபாதர் தலையை ஆட்டினார். ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "இப்பச் சொன்னதை ஒரு பக்கத்துல தெளிவா எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

துறைமுகத்தில் இதற்குப் பெயர் விளக்கக் கடிதம். அதை வாங்கிய பிறகுதான் சஸ்பெண்ட் செய்வார்கள். இக்னேஷியஸ் எழுதினான். கடுமை போதாதோ என்று பயந்து, "இதில் யாருக்கும் சலுகை கிடையாது" என்று ஒரு வரி சேர்த்துக் கோடும் போட்டான்.

அந்த வாரம் முழுக்க ஐரீன் பாடிக்கொண்டே பின்னறைக்குத் திரைச்சீலை அளவெடுத்தாள்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவிப்புகளைப் படித்தார். மூன்றாவது அறிவிப்பு பின்னறையைப் பற்றியது. அது தொடர்ந்து கேரம் மன்றத்துக்கே. மன்றத்துச் செயலாளருக்குப் பங்கின் நன்றி.

பின்வரிசையில் சாவியோ விசிலடித்து, பக்கத்துப் பெஞ்சுக் கிழவியிடம் அடி வாங்கினான். எதற்கு நன்றி என்று யாருக்கும் புரியவில்லை. ஏழைகள் வேலை செய்துவிட்டார்கள் என்று சாவியோ சொன்னான்.

வீட்டுக்குப் போகவே இக்னேஷியஸுக்குப் பயமாக இருந்தது. ஐரீன் வாசலில் துடைப்பத்தோடு நிற்பாள் என்று நினைத்தான். அவள் அடுப்படியில் வஞ்சிரத்துக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

"கோவமா ஐரீன்?"

"எதுக்கு? ரூமுதான? வெச்சிக்கோ." மீனைத் திருப்பிப் போட்டாள். "மொட்ட மாடியில நின்னு பாடினாலும் கப்பு எனுக்குத்தான். இந்த வாட்டி பத்தாவது கப்பு, பேப்பர்ல போட்டோ வரும். நீ உன் கார வெச்சிகினு சந்தோஷமா இரு."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இப்படியொரு மத்தியானம் வந்ததே இல்லை. அறையும் அவனுக்கு, பெரிய துண்டும் அவனுக்கு. இக்னேஷியஸ் முதல் கவளத்தைப் பிசைந்தான். அவளைப் பற்றித் தான் தப்பாக நினைத்துவிட்டதாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான்.

தேவப்பிரியம் வாசலில் செருப்பைக் கழற்றினான். கையில் மை காயாத ஒரு கட்டு நோட்டீஸ்.

"பாட்டுப் போட்டி நோட்டீஸா?" என்றாள் ஐரீன். "கைல மசாலா கீது. இன்னா போட்டுக்கீதுன்னு நீயே சொல்லு."

தேவப்பிரியம் ஒன்றை உருவிப் படித்துவிட்டு, இக்னேஷியஸைப் பெருமையாகப் பார்த்துச் சிரித்தான்.

"நல்ல சேதிக்கா, மூணு கோஷ்டி வந்த போட்டிக்கு இந்த வருசம் பதினாலு கோஷ்டி வருது, ஏன்னா ஒம்போது வாட்டி ஜெயிச்ச ஒங்க கோஷ்டி மைனஸ் நாப்பத்தஞ்சுல ஆரம்பிக்குது, ரூலுக்குக் கீழ மாமா கையெழுத்தையும் அப்டியே அச்சடிச்சுக் கீறாங்க."